மூர் மார்க்கெட்டில் எரிந்தது

சென்னை மூர் மார்க்கெட், பிராட்வேயின் பாப்ஹாம் மார்க்கெட் நெரிசலுக்கு நகரசபை கண்ட மாற்று. 1898இல் அடிக்கல், 1900இல் திறப்பு, தலைவர் ஜார்ஜ் மூரின் பெயர். கட்டிடத்தின் சரித்திரம் இவ்வளவே.

அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளின் விஷயம் வேறு. நூலகம் தேர்ந்தெடுத்து வைக்கிறது. இங்கு வந்தவையோ வீடுகள் கழித்துக்கட்டியவை: அட்டை போன நாவல், பள்ளிப் பரிசு முத்திரை, நின்றுபோன சிறுபத்திரிகையின் ஒற்றை இதழ், பக்க ஓரத்தில் முகமறியாத ஒருவர் ஆசிரியரோடு பென்சிலால் போட்ட சண்டை. யார் எதை எப்படிப் படித்தார்கள் என்பதற்கு இவைதாம் சாட்சி. (நாம் விலையில்தான் குறியாக இருந்தோம்.)

1985 மே 30இல் தீ. எரிந்த தலைப்புகளை வேறெங்காவது தேடிப் பிடிக்கலாம்; அந்தப் பென்சில் வரிகளுக்கு இரண்டாம் பிரதி கிடையாது. பிறகு கடைகள் அருகே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. பழைய இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. அதற்குப் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்.