வில்லை வந்தால்தான் வண்டி

இலங்கையின் பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். பண்டாரவளையை 1894இலேயே எட்டிய பாதைக்கு, மிச்சத் தூரத்தைக் கடக்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. தெமோதரையில் அது வளைந்து இறங்கி, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போகிறது.

ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால்?

அதற்கு விடை, பிரிட்டனில் எட்வர்ட் டயர் 1878இல் உருவாக்கிய பொறி. அடுத்தடுத்த இரு நிலையங்களில் மின்கம்பியால் இணைந்த இரு பெட்டிகள். நிலைய அதிபர் மணியடித்துக் கேட்பார். எதிர் நிலையத்தவர் இசைந்தால்தான் வட்ட வில்லை ஒன்று வெளிவரும். பெரிய வளையம் கோத்த தோல்பையில் அது சாரதியின் கைக்குப் போகும். அந்த வில்லை மறுபடி பெட்டிக்குள் போகும்வரை இரு பக்கமும் இன்னொன்று வராது. கையில் வில்லை இல்லாத சாரதி, தேயிலைச் சரிவைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டியதுதான்.

கணினிக்கும் இந்தப் பழக்கம் போனது. பல வேலைகள் ஒரே வளத்துக்குப் போட்டியிடுவதை ஒழுங்குசெய்ய, கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960களில் ரயில்வேயின் கைகாட்டிப் பெயரையே எடுத்து ‘செமஃபோர்’ என்றார்.

ஆனால் முன்னே மண்சரிவு என்றால்? புறப்படாத வண்டியின் வில்லையை எடுத்த பெட்டியிலேயே திருப்பிப் போடலாம், பாதை விடுபடும். ஜாவா நிரல்மொழியில் காத்திருப்பைக் கைவிடுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. வலையிலிருந்து தரவு வரக் காத்திருக்கும் இழைக்கு, அதாவது நிரலுக்குள் ஓடும் ஒரு வேலைக்கு, ‘இன்டரப்ட்’ என்ற குறுக்கீட்டுச் சைகை கொடுத்தாலும் அது அசையவில்லை. வேறோர் இழை அந்த இணைப்பின் முனையான சாக்கெட்டை மூடியபோது பிழையோடு விழித்தது. 2002இல் வந்த ஜாவா 1.4இன் ‘சேனல்’ என்ற புதிய இணைப்பு வழிகளில், இன்டரப்ட் வந்ததும் சேனலே மூடிக்கொண்டு இழையை விடுவித்தது.