கொற்கைக் கடலும் கடல்கோளும்

பாண்டியர் துறைமுகமாய் விளங்கிய கொற்கை, இன்று கடலினின்று ஆறேழு கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராய் நிற்கின்றது. தாலமியும், பெரிப்ளூசு எனப்படும் செங்கடற் பயணநூலின் ஆசிரியரும் முத்துக்குளிப்போடு சேர்த்துக் 'கொல்கி' என்று குறித்த ஊர் இதுவே. (முத்தெடுக்கும் தொழிலில் தண்டனை பெற்றோர் ஏவப்பட்டனர் என்பது பின்னவர் தரும் செய்தி.) இவ்வூரின் நிலைமாற்றத்தை இறையனார் களவியலுரை கூறும் கடல்கோள்களோடு இணைத்துப் பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்விணைப்புப் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன்னர், உலகின் நீரில் ஒரு பகுதி வடபுலங்களில் பனிப்பாறையாய் உறைந்திருந்தது. அந்நாளில் கடல்மட்டம் இன்றையினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது என்பர் நிலவியலார். பத்து முதல் இருபது மீட்டர் ஆழத்தில் கிடக்கும் தூத்துக்குடி முத்துப்பார்கள் அன்று நிலமாகவே இருந்திருத்தல் வேண்டும். தமிழகமும் ஈழமும் ஒரே நிலப்பரப்பாய் இருந்தன. பனி உருகக் கடல் ஏறிற்று. ஏறத்தாழ 7,000 ஆண்டுகட்கு முன்னரே அது இன்றைய மட்டத்தை அணுகிவிட்டது. பின்னர் நேர்ந்தவை ஓரிரு மீட்டர் அளவான ஏற்றத் தாழ்வுகளே. இராமேசுவரக் கரையில் நீர்மட்டத்திற்கு மேல் நிற்கும் பவளப்பாறைகள் அவற்றுக்குச் சான்று.

இவற்றை அறிவிப்பது கடலடிப் படிவு. குழாயை இறக்கி எடுத்த படிவில், அடியில் செடிகொடி எச்சங்களோடு கூடிய சதுப்புக் களிமண்ணும், அதன்மேல் உப்பங்கழி வாழ் உயிர்களின் ஓடுகளும், அதற்கும் மேல் ஆழ்கடலுக்குரிய நுண்ணுயிர் ஓடுகளும் அமையின், கடல் நிலத்தின்மேல் ஏறியது என்பது துணிபு. வரிசை தலைகீழாயின் கடல் பின்வாங்கியது. ஓடுகளிலும் மரத்துண்டுகளிலும் உள்ள கரியைக் கொண்டு காலம் கணிக்கலாம். புயலும் ஆழிப்பேரலையும் களிமண்ணிடையே மெல்லிய மணலடுக்கு ஒன்றைத் திடுமென விட்டுச் செல்லும். பனி உருகிய ஏற்றம் அவ்வாறன்றிப் பல்லாயிரம் ஆண்டுகள் படிப்படியாய்ப் பதிந்தது. பார்களின் சுண்ணமணற் பாறையை மட்டும் கொண்டு பழங்கரையைத் துணிதல் இயலாது. மணல் கடலுக்குள்ளேயே இறுகிப் பாறையாதலும் உண்டு.

இனிக் கொற்கைக்கு வருவோம். 1870-களில் கால்டுவெல் ஐயர் அங்கு அகழ்ந்தபோது ஆற்று வண்டலின் அடியில் கடற்சிப்பிகளைக் கண்டார். கீழே கடல், மேலே ஆறு: இது கடல் கொண்ட நிலத்தின் வரிசையன்று, கடல் விட்ட நிலத்தின் வரிசை. பொருநை சுமந்து வந்த வண்டல் முகத்துவாரத்தைத் தூர்த்தது என்று அவர் கொண்ட முடிபை மறுக்க நாம் காரணம் காணவில்லை. 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறையினர் நிகழ்த்திய அகழாய்வு, அவ்வூர்க் குடியிருப்பைக் கி. மு. எட்டாம் நூற்றாண்டளவுக்குக் கொண்டு செல்கின்றது. பனி உருகிய பேரேற்றம் அடங்கி அதற்குள் நாலாயிரம் ஆண்டுகட்கு மேல் கழிந்துவிட்டன.

ஆதலின் கொற்கையைக் கடல்கோளுக்குச் சான்றாக்குதல் பிழை. களவியலுரைச் செய்தி பிற்காலப் புயலொன்றின் நினைவா, வேறொன்றா என்பதைத் தென்கடற் படிவுகளை ஆண்டுக்கணக்கோடு ஆய்ந்தே துணிதல் வேண்டும். நூற்சான்று மட்டும் போதாது. கொற்கை தூர்ந்தபின் வாணிகம் பழைய காயலுக்குப் பெயர்ந்தது. வண்டல் அவ்வூரையும் கடலினின்று பிரித்தது. பின்னரே தூத்துக்குடி தலையெடுத்தது.