கொடைக்கானலுக்கு வந்த ஓசோன் கருவி

பொழுது சாய்ந்து சூரியன் மறைந்த கையோடு, அழகர்கோவில் கோட்டைச் சுவருக்கு வெளியே நின்று நேர் உச்சியில் பாருங்கள். வானம் கரும் நீலமாக இருக்கும். பகலில் வானம் நீலமாகத் தெரிவது, காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால். அந்தி நேரத்து உச்சி நீலத்துக்கோ பெரும் பங்கு ஓசோனுடையது. காற்றைச் சாய்வாகக் கடந்து நெடுந்தூரம் வரும் ஒளியில் மஞ்சளையும் ஆரஞ்சையும் அது விழுங்கிவிடுகிறது. 1953-ல் ஹல்பர்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓசோனைத் தனிப் படலமாகக் கண்ணால் பார்க்க முடியாது. அது செய்யும் வேலை மட்டும் இப்படித் தெரியும்.

அப்படியானால் அதை அளந்தது எப்படி? அந்த வரலாற்றில் நமக்கு மேற்கே, பழனி மலைமேல் இருக்கும் கொடைக்கானலுக்குப் பங்கு உண்டு.

ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானி டாப்சன் 1920-களில் ஒரு நிறமாலைக் கருவியை உருவாக்கினார். சூரியனின் புறஊதாக் கதிர்களில் இரண்டு அலைநீளங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றை ஓசோன் பெருமளவு உறிஞ்சிவிடும். மற்றதை அவ்வளவாகத் தொடாது. தரைக்கு வந்து சேரும் இரண்டையும் ஒப்பிட்டால், தலைக்கு மேலே ஓசோன் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஐரோப்பாவில் அளந்த பிறகு, 1928-ல் கருவிகள் தூர தேசங்களுக்குப் போயின. கலிஃபோர்னியாவுக்கு ஒன்று, எகிப்தின் ஹெல்வானுக்கு ஒன்று, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்கு ஒன்று. இன்னொன்று, ராய்ட்ஸ் இயக்குநராக இருந்த கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்துக்கு. இங்கே பதிவான ஒளிப்படத் தகடுகள் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

அவை சொன்ன செய்தி வியப்பானது. ஓசோனை உண்டாக்குவதே சூரிய ஒளிதான். ஆனால் வெயில் கொளுத்தும் நம் வானத்தில்தான் அது குறைவு. ஆண்டு முழுவதும் பெரிய ஏற்ற இறக்கமும் இல்லை. வெப்பமண்டலத்துக்கு மேலே உருவாகும் ஓசோனைக் காற்றோட்டம் துருவங்களை நோக்கிக் கொண்டுபோகிறது என்ற விளக்கம் பல ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. வானத்து ஓசோன் முழுவதையும் கடல்மட்டக் காற்றழுத்தத்தில் தரையில் பரப்பினால் சுமார் 3 மில்லிமீட்டர் கனம்தான் வரும். நம் பக்கம் அதற்கும் கொஞ்சம் குறைவு.

1957-ல் தொடங்கிய சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி டாப்சன் கருவிகள் உலகெங்கும் பரவின. அண்டார்டிகாவின் ஹாலி பே நிலையத்திலும் அப்படித்தான் அளவீடு தொடங்கியது. அங்கே ஒவ்வொரு வசந்தத்திலும் ஓசோன் சரிந்துவருவதை 1985-ல் உலகத்துக்குச் சொன்னது அந்த நீண்ட பதிவேடுதான். இரண்டே ஆண்டுகளில், ஓசோனை அழிக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது.

பழைய கணக்கு கையில் இருந்ததால்தான் புதிய ஆபத்து தெரிந்தது. ஒரே இடத்தில், ஒரே முறையில், சலிக்காமல் அளந்து எழுதி வைத்தவர்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. அந்தப் பதிவேடுகளைப் போற்றிக் காப்பது நம் கடமை.