நால்வரில் ஒருவர் மறைந்தபின்

தமிழர் பலர் வாழும் பம்பாய் மாதுங்காவின் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர் சைலேந்திரா. அவரும், பஸ் கண்டக்டராயிருந்த ஹஸ்ரத் ஜெய்ப்பூரியும் பாட்டெழுத, சங்கரும் ஜெய்கிஷனும் இசையமைக்க, ராஜ் கபூரின் 'பர்ஸாத்' 1949-இல் வெளிவந்தது. பெரும்பாலும் மெட்டு முந்திப் பிறக்கும். சொற்கள் பின்னர் வந்து அதில் அமரும்.

1966 டிசம்பர் 14-இல் சைலேந்திரா காலமானார். 'மேரா நாம் ஜோக்கர்' படத்துக்கென அவர் தொடங்கிய பாட்டு முற்றுப்பெறாது நின்றது. அதனை அவர் மகன் ஷைலி நிறைவு செய்தார். படம் 1970-இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டே ஜெய்கிஷனும் மறைந்தார். சங்கர் தனித்தே மெட்டமைத்தார். எனினும் 1987-இல் தாம் மறையும்வரை 'சங்கர்-ஜெய்கிஷன்' என்னும் பெயரையே வழங்கி வந்தார்.

நேயர்களே, பிரிந்த தோழனின் பங்கைப் பெயரளவிலேனும் காத்து நிற்பது கூடிப் படைப்போரின் கடமையன்றோ?