வீட்டை விற்கப்போறீங்களா? முதல்ல எதிர்வரிசையில நின்னு பாருங்க!

``லொகேஷன் சூப்பர்... ஆனா, வீடு ரொம்ப பழசா இருக்கே!'' வீடு பார்க்க வர்றவர் கேட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடியே இப்படிச் சொல்லிட்டா, அடுத்த பேச்சு எதுல ஆரம்பிக்கும்? விலையைக் குறைக்கிறதுலதான். வெளிச்சுவர்ல இருக்கிற ஒவ்வொரு கறையும் அவருக்கு ஒரு பேரம். அதனால, விளம்பரம் போடுறதுக்கு 2 மாசம் முன்னாடியே வெளிப்புற வேலைகளைத் தொடங்கிடுங்க.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. எதிர்வரிசையில நின்னு, மொபைல்ல வீட்டை ஒரு போட்டோ எடுங்க. தினமும் பார்த்துப் பழகின கண்ணுக்குத் தெரியாத பாசி, துருப்பிடிச்ச கேட், தொங்குற கேபிள் ஒயர் எல்லாம் அதுல பளிச்சுன்னு தெரியும். அதுதான் உங்க வேலைப் பட்டியல்.

பெயின்ட்டுக்கு முன்னாடி கசிவு!

பலர் செய்ற தப்பு, ஈரச் சுவர் மேலயே பெயின்ட் அடிக்கிறது. அடுத்த மழையில அது உப்பு பூத்து, உரிஞ்சு வந்துடும். ஓவர்ஹெட் டேங்க் வழிஞ்சு சுவர்ல இறங்குதா, மாடி மழைநீர்க் குழாய் உடைஞ்சிருக்கா, சன்ஷேடும் சுவரும் சேர்ற இடத்துல கீறல் இருக்கான்னு முதல்ல பாருங்க. கைப்பிடிச் சுவர்ல அரசங்கன்று முளைச்சிருந்தா, மேலாக வெட்டினா மறுபடி துளிர்க்கும். வேரோட எடுத்து, அந்த இடத்தைப் பூசணும்.

புதுசா பூசின சிமென்ட் நல்லா இறுக சுமார் 4 வாரம் ஆகும். அதுக்கப்புறம் பிரைமர் ஒரு கோட், எக்ஸ்டீரியர் எமல்ஷன் 2 கோட். பாசி பிடிச்ச இடத்துல பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊத்தித் தேய்ச்சு, கழுவிக் காயவிட்டுட்டுதான் அடிக்கணும். பிளீச்சிங் பவுடரோட ஆசிட்டைக் கலந்துடாதீங்க. விஷ வாயு வரும். ஐப்பசி மழைக்கு முன்னாடியே வேலையை முடிச்சுடுறது நல்லது. நிறம்? உங்களுக்குப் பிடிச்ச அடர் பச்சையோ ஆரஞ்சோ வேண்டாம். சந்தனம், வெளிர் சாம்பல் மாதிரி யாருக்கும் உறுத்தாத நிறம் போதும்.

விரிசலை மறைக்காதீங்க

பூச்சுல இருக்கிற முடி மாதிரியான கீறலை கிராக் ஃபில்லர் வெச்சு அடைச்சுடலாம். ஆனா, சாய்வா ஓடுற விரிசல், நாளாக நாளாக அகலமாகிற விரிசல் இருந்தா இன்ஜினீயர்கிட்ட காட்டிச் சரிசெய்ங்க. பட்டி பூசி மூடினா, வாங்குறவர் கூட்டிட்டு வர்ற இன்ஜினீயர் கண்டுபிடிச்சுடுவார். ஒண்ணை மறைச்சது தெரிஞ்சா, நீங்க சொல்ற மத்த எதையும் அவர் நம்பமாட்டார்.

கேட்டும் வாசலும்

கேட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ரெட் ஆக்ஸைடு பிரைமர், அதுமேல எனாமல் பெயின்ட் அடிங்க. கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் விடுங்க. வர்றவர் கை முதல்ல படுற இடம் அதுதான். உடைஞ்ச பூந்தொட்டி, மிச்சமான செங்கல், ஓடாத பைக் எல்லாத்தையும் அப்புறப்படுத்துங்க. கதவு எண் பலகை, காலிங் பெல், வாசல் விளக்கு, சம்ப் மூடி சரியா இருக்கட்டும். தமிழ்நாட்டுல 2003-லயே கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழியைத் தூர்வாரி வெச்சா, ``மழைத்தண்ணி நிக்குமா?''ங்கிற கேள்விக்குக் காட்டவே ஒரு பதில் இருக்கும்.

இதெல்லாம் வேண்டாம்

விற்கப்போற வீட்டுக்கு லட்சக்கணக்குல செலவு பண்ணி புது எலிவேஷன், கல் பதிப்பு எல்லாம் தேவையில்லை. உங்க ரசனைக்கு வாங்குறவர் கூடுதலா பணம் தருவார்னு எந்த உத்தரவாதமும் இல்லை. முக்கியமா, அனுமதி வாங்காம போர்டிகோவை நீட்டுறது, மாடியில ரூம் போடுறது வேண்டவே வேண்டாம். வாங்குறவர் ஹோம் லோன் போட்டா, வங்கி அனுப்புற மதிப்பீட்டாளர் வீட்டை அப்ரூவ்டு பிளானோட ஒப்பிட்டுப் பார்ப்பார். மாறியிருந்தா லோன் இழுத்தடிக்கும். சில சமயம் வியாபாரமே கைவிட்டுப் போகும்.

எல்லாம் முடிஞ்சதா? காலை வெயில் வீட்டு முகப்புல விழுற நேரமா பார்த்து, வாசல் தெளிச்சு கோலம் போட்டு, அதே இடத்துல நின்னு மறுபடி ஒரு போட்டோ எடுங்க. விளம்பரத்துக்கு அதுதான் முதல் படம். பிளம்பிங், பெயின்ட் பில்களையும் பத்திரமா வெச்சுக்கோங்க. ``கசிவு இருந்துச்சு, சரிபண்ணிட்டோம்''னு பில்லோட சொல்ற ஓனர்கிட்ட பேரம் பேசுறது அவ்வளவு சுலபமில்லை!