துப்பாக்கி அடையாளக் குறி (இந்தியா)

துப்பாக்கி அடையாளக் குறி என்பது தயாரிப்பாளர் பெயர், வரிசை எண் முதலியவை துப்பாக்கியில் பொறிக்கப்பட்டிருப்பதைக் குறிக்கும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதற்கு வகைசெய்கிறது. உரிமையாளரே ஆயினும் இக்குறியை அழிக்கவோ மாற்றவோ கூடாது. குறியற்ற துப்பாக்கியை விற்கவும் கூடாது. குறி அழிக்கப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பவரே அதனை அழித்தார் எனச் சட்டம் அனுமானிக்கும். அவ்வாறன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. பாட்டனாரின் பழைய துப்பாக்கியை வைத்திருப்போருக்கு இது சிறிய செய்தியன்று.

குழலைக் குறுக்குவதற்கும், போலித் துப்பாக்கியைச் சுடத்தக்கதாக மாற்றுவதற்கும் 6ஆம் பிரிவின்படி அதற்கென உரிமம் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வகைத் துப்பாக்கியை மற்றொரு வகையாக மாற்றுவதையும் இதில் சேர்த்தது. அதே ஆண்டு வேலூரிலிருந்து பிரிக்கப்பட்ட இராணிப்பேட்டை மாவட்டத்தில், துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமத்தை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.