பாடசாலையில் தச்சுக்கூடம்

கைத்தொழிலைக் குறித்து நம்மவருள் இருவகை அபிப்பிராயங்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. ஏட்டுக்கல்வி வாய்க்கப்பெறாதார்க்கே உளியும் வாளும் உரியன என்பது ஒன்று. தந்தை பிடித்த கருவியையே மைந்தனும் பிடித்தல் முறை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறு போலத் தோன்றினும் ஒரு வேரினின்று கிளைத்தனவே என்பது எமது துணிபு. வக்கீலின் மகனும் உழவன் மகனும் ஒரே தச்சுமேசையின் முன் நின்று மரம் இழைக்கக் கற்றல் தகும் என்பதை இரண்டும் ஒப்புக்கொள்ளா. அங்ஙனம் கற்பித்த தேசங்கள் உண்டு. அவற்றின் வரலாற்றை நம் நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நலமெனக் கருதி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள பின்லாந்திலும் சுவீடனிலும் குளிர்காலம் மிக நீண்டது. வயல்கள் பனியில் மூடுண்டு கிடக்கும் அம்மாதங்களில் குடியானவர்கள் அடுப்பங்கரையில் அமர்ந்து, அகப்பை, கலப்பைப்பிடி, தொட்டில் முதலியவற்றைத் தம் கையாலேயே செய்துகொள்வர். அது கூலிக்குச் செய்த வேலையன்று. பொழுதும் போயிற்று, வீட்டுக்கு வேண்டிய பண்டமும் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைச் சரக்குகள் மலிவாகப் பெருகவே, இப்பழக்கம் அருகத் தொடங்கிற்று. கையின் திறமையைச் சுவீடன் மொழியில் ‘சிலாய்டு’ என்பர். வீட்டினின்று மறைந்துகொண்டிருந்த அதனைப் பாடசாலைக்குள் கொணர்ந்து நிறுத்தியவர் இருவர்.

முதல்வர் பின்லாந்தினரான ஊனோ சிக்னேயசு என்பார். 1810இல் பிறந்த இவர் சமய குருவாகப் பயின்று, அக்காலத்தில் ருஷ்யர் வசமிருந்த அலாஸ்காவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். பின்னர்த் தம் தேசத்துக்குக் கல்வித்திட்டம் வகுக்கும் பொறுப்பை ஏற்று, பல நாட்டுப் பாடசாலைகளைச் சுற்றிப் பார்த்தார். பெஸ்தலாட்சி, புரோபெல் என்னும் கல்வியறிஞர்களின் கொள்கைகளில் தோய்ந்த அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. சிறுகுழந்தைகள் கையால் செய்து விளையாடிக் கற்கலாம் என்றால், வளர்ந்த பிள்ளைகளின் கைகளை மட்டும் கட்டிவைப்பது ஏன்? 1863இல் யுவாஸ்கூலா நகரில் அவர் தலைமையில் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலை திறக்கப்பெற்றது. 1866இல் பிறந்த சட்டத்தால், கிராமப் பாடசாலைகளில் ஆண்பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கட்டாய பாடமாயிற்று. எழுத்து, கணக்குப் போல அதுவும் ஒரு பாடம். தச்சராகப் போகிறவர்க்கு மட்டும் வைத்ததன்று.

இரண்டாமவர் சுவீடன் தேசத்து ஓட்டோ சாலமன். வணிகரான ஆகஸ்ட் ஆபிரகாம்சன் என்பார் யூட்டெபோரி நகருக்கு அணித்தாகிய நேஸ் என்னும் எஸ்டேட்டை 1868இல் விலைக்கு வாங்கினார். மறுஆண்டே அவர் மனைவியார் காலமாயினார். மக்கட்பேறற்ற அச்செல்வர் தம் பொருளைக் கல்விக்கு ஆக்கத் துணிந்து, உடன்பிறந்தாரின் புதல்வராகிய சாலமனைத் துணைக்கொண்டு 1872இல் ஒரு பாடசாலை தொடங்கினார். முதலில் அது தொழில் பழக்கும் பள்ளியாகவே இருந்தது. 1877இல் சாலமன் பின்லாந்து சென்று சிக்னேயசைச் சந்தித்தார். அதன்பின் அவர் நோக்கம் மாறிற்று. தச்சனை ஆக்குவதன்று, தச்சுவேலையால் மனிதனை ஆக்குவதே பாடசாலையின் கடன் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். பல நாட்டு உபாத்தியாயர்களும் நேஸ் நோக்கி வந்து பயின்று சென்றனர்.

சாலமனுடைய முறையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். இதன் சிறப்பெல்லாம் நுணுக்கங்களிலேயே அடங்கியுள்ளது. மாணாக்கன் கையில் முதலில் கொடுக்கப்படுவது வாளுமன்று, உளியுமன்று, ஒரு கத்தி. கிராமத்துப் பிள்ளை எவனும் முன்னரே அறிந்த கருவி அதுவே. அறிந்ததினின்று அறியாததற்கும், எளியதினின்று அரியதற்கும் செல்லுதல் விதி. ஆதலின் பூச்செடிக்கு ஊன்றுகுச்சி போன்ற சிறு பொருள்களில் தொடங்கி, காகிதம் கிழிக்கும் மர அலகு, அகப்பை, கோடரிப்பிடி எனப் படிப்படியாக ஏறிச் செல்வர். ஒவ்வொன்றும் வீட்டில் புழங்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். வெறும் அலங்காரப் பொருள்களுக்கு இடமில்லை. செய்து முடித்த பண்டம் பிள்ளைக்கே சொந்தம். தான் சீவிய அகப்பையால் தன் தாய் கூழ் துழாவுவதைக் காணும் சிறுவனுக்கு வேறு பரிசும் வேண்டுமோ?

கோடரிப்பிடியை ஏன் செய்விக்கிறார்கள் என்று கேட்கலாம். நேர்கோட்டுப் பலகையை மூலைமட்டம் வைத்துச் சோதித்துவிடலாம். வளைந்து நெளிந்த பிடியையோ கண்ணும் உள்ளங்கையுமே சோதிக்க வேண்டும். கண்ணைப் பழக்குவதற்கு இதனினும் தக்க பாடம் இல்லை. கருவியாலேயே வழவழப்பாக்கிய பின்னன்றி உப்புத்தாளைத் தொடலாகாது என்பதும் ஒரு விதி. தவறாக வெட்டியதைத் தேய்த்து மறைக்கும் வழக்கம் இளமையிலேயே படியாதிருக்க இவ்விதி செய்தனர் போலும். வகுப்பு முழுவதும் ஒரே அடியில் நடப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் வேகத்தில் முன்னேறும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தேர்ந்த தச்சரைக் காட்டிலும் பயிற்சி பெற்ற பாடசாலை உபாத்தியாயரே இதனைக் கற்பிக்கத் தக்கார் என்று சாலமன் வற்புறுத்தினார். தச்சருடைய திறமையை அவர் இகழ்ந்தாரல்லர். தச்சருடைய கண் பண்டத்தின்மேல் நிற்கும், உபாத்தியாயர் கண் பிள்ளையின்மேல் நிற்கும் என்பதே காரணம்.

ருஷ்யாவில் வேறொரு முறை தோன்றிற்று. மாஸ்கோ தொழிற்கலாசாலையில் விக்டர் தெல்லாவோஸ் என்பார் ஒவ்வொரு மரப்பொருத்தையும் தனித்தனிப் பயிற்சியாக வகுத்தார். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த பொருட்காட்சியில் அப்பயிற்சித் துண்டுகளைக் கண்டு அமெரிக்கக் கல்வியாளர் வியந்தனர். கால்வின் உட்வர்டு என்பார் செயிண்ட் லூயி நகரில் 1880இல் கைப்பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். துண்டு துண்டாகப் பொருத்துக் கற்றவன் விரைவில் கைதேர்வான் என்பது மெய்யே. ஆயினும் அவன் வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றும் இராது. எமக்கு நேஸ் முறையே உவப்பாகின்றது. 1888இல் பாஸ்டன் நகரத்துக்கு அதுவும் சென்று சேர்ந்தது.

அமெரிக்காவில் இக்கல்வி இரண்டு முகம் கொண்டதைத்தான் நம் நேயர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். வெள்ளையர் பிள்ளைகளுக்கு அது அறிவுக்குத் துணைசெய்யும் பாடம். அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களுக்கு, 1868இல் தோன்றிய ஹாம்ப்டன் பள்ளியிலும் 1881இல் புக்கர் வாஷிங்டன் தலைமையில் தோன்றிய டஸ்கீஜி பள்ளியிலும் அதுவே கல்வியின் நடுநாயகம். டஸ்கீஜி மாணாக்கர் தம் கட்டடங்களுக்கு வேண்டிய செங்கல்லைத் தாமே அறுத்துச் சூளையிட்டுக் கட்டியமை போற்றத்தக்கதே. ஆயினும் 1903இல் டூபாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர் ஒரு கண்டனம் எழுப்பினார். கைத்தொழில் வேண்டாம் என்றாரல்லர். இம்மக்களுக்கு இதுவே போதும், உயர்கல்வி எதற்கு என்னும் பேச்சை மறுத்தார். 1917இல் தொழிற்கல்விக்கு மத்திய அரசாங்கம் பணம் ஒதுக்கிய பிற்பாடு, வேலைக்குப் போகவேண்டிய பிள்ளைக்குப் பட்டறை, கலாசாலைக்குப் போகும் பிள்ளைக்குப் புத்தகம் என்னும் பிரிவினை அந்நாட்டில் மேலும் இறுகிற்று. பட்டறைப் பாடத்துக்கு மதிப்புக் குறைந்ததும் அவ்வழியேதான்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மகாநாட்டின்பின், ஜாகிர் ஹுசேன் தலைமையில் ஒரு குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. யாழ்ப்பாணத்துத் தமிழராகிய ஆரியநாயகம் அக்குழுவின் அமைப்பாளர். நூற்றல், நெய்தலுடன் தச்சுவேலையும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. எல்லாப் பாடமும் ஒரு தொழிலைச் சுற்றியே அமைதல் வேண்டும் என்றனர். இது சிக்னேயசின் எண்ணத்துக்கு அயலன்று. வேற்றுமை ஒன்று உண்டு. பிள்ளைகள் செய்த பண்டத்தின் விலை உபாத்தியாயர் சம்பளத்துக்கு உதவவேண்டும் என்பது வார்தாவின் எதிர்பார்ப்பு. சந்தையில் விலைபோக வேண்டுமெனில் பிள்ளை விரைந்து செய்யவேண்டும்; கற்போன் விரைந்து செய்தல் இயலாது. ஏழை நாட்டின் தொல்லை அடிகளை அவ்வாறு எண்ணச் செய்தது. ஆயினும் நேஸில் பண்டத்தைப் பிள்ளைக்கே விட்டுவிட்டதன் நுட்பம் இங்கேதான் புலனாகின்றது.

1953இல் சென்னை ராஜ்யத்தில் முதலமைச்சர் ராஜாஜி கொணர்ந்த தொடக்கக்கல்வித் திட்டத்தை நம்முள் முதியோர் மறந்திரார். கிராமப் பாடசாலைகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே படிப்பு. எஞ்சிய நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் ஈடுபட வேண்டும் என்றது அது. குறைந்த செலவில் மிகுதியான பிள்ளைகளுக்கு இடமளித்தலும் அதன் நோக்கங்களுள் ஒன்று. பெயர் எதுவாயினும், நடைமுறையில் வண்ணார் மகன் துறைக்கும், தச்சர் மகன் பட்டறைக்கும், உத்தியோகஸ்தர் மகன் புத்தகத்துக்கும் செல்வான் என்பதை மக்கள் கண்டுகொண்டனர். ‘குலக்கல்வி’ என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. பெரியாரின் திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் பெருங்கிளர்ச்சி செய்தன. 1954இல் ராஜாஜி பதவி விலகினார்; காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டமை நன்றே. ஆனால் அன்றுதொட்டுக் கைத்தொழில் என்னும் சொல்லே பாடசாலையில் ஐயத்துக்கிடமாயிற்று. 2020இல் வெளிவந்த தேசியக் கல்விக்கொள்கை, ஆறாம் வகுப்பு முதல் தச்சு, மண்பாண்டம் முதலியவற்றைப் பழக்கலாம் என்று கூறியபோதும் குலக்கல்வி என்னும் கூக்குரலே நம் நாட்டில் முதலில் எழுந்தது.

கிளர்ச்சி செய்தவர்களை யாம் குறைகூறோம். அடிபட்டவன் தடியைக் கண்டு அஞ்சுதல் இயல்பு. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றேயுண்டு. உளி யார் கையில் கொடுக்கப்படுகிறது? குலம் பார்த்துக் கொடுத்தால் அது விலங்கு. பின்லாந்திலும் சுவீடனிலும் இன்றளவும் கைவினை கட்டாய பாடமே. சுவீடனில் 1969ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தால் ஆண், பெண் என்னும் பாகுபாடும் ஒழிந்து, சிறுமியர் மரம் இழைக்கவும் சிறுவர் துணி தைக்கவும் கற்கின்றனர். அங்கே வைத்தியரும் வங்கி அலுவலரும் விடுமுறை நாளில் தம் வீட்டு நாற்காலியைத் தாமே செப்பனிட்டு மகிழ்வதில் வியப்பென்ன? நம் நாட்டில் கற்றவர்க்கு ஓய்வுநேரம் ஒரு பாரமாய் இருக்கின்றது. ஆணி ஒன்று அறையவும் ஆள் தேடுகிறோம். வந்தவர் கேட்கும் கூலியைக் குறைக்கப் பார்க்கிறோம். தான் ஒருமுறை பலகையை நேராக அறுத்துப் பார்த்தவன் அக்கூலியைக் குறைத்துப் பேசான்.

நம் சமூகத்தார் ஆங்காங்கு நடத்தும் பாடசாலைகளிலும் மாணாக்கர் விடுதிகளிலும் இதனைத் தொடங்குதல் அரிதன்று. எல்லாப் பிள்ளைகளும், சிறுமியர் உட்பட, வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் வருதல் வேண்டும். பரீட்சையும் மதிப்பெண்ணும் வேண்டா. செய்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்லவிடல் வேண்டும். விலையுயர்ந்த தேக்கைத் தேடி அலைய வேண்டுவதில்லை. வேம்பும் பூவரசும் ஊர்தோறும் உள்ளன. முதலாண்டுக்குக் கத்தியும் மூலைமட்டமும் சிறு வாளும் போதும். இழைப்புளியை இரண்டாம் ஆண்டில் வாங்கிக்கொள்ளலாம்.